டீச்சர் பதில்கள்: தேர்வு மாதத்தில் சாக்பீஸ் யார் கையில்?

அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகவும் பின்னர் தலைமையாசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்ற டீச்சர், பள்ளிக்கூடம் தொடர்பான வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி இது. கேட்பவர்களின் பெயரை வெளியிடுவதில்லை. ஊர் போதும் என்பது டீச்சரின் ஏற்பாடு.

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். டிசம்பர் வரை பிள்ளைகளைக் குழுவாக உட்கார வைத்து, பேச விட்டு, செய்து பார்க்க விட்டு நடத்தினேன். ஆர்வமாக இருந்தார்கள். ஜனவரி பிறந்ததும், "விளையாட்டெல்லாம் போதும் அம்மா, இனி திருப்புதல், தினமும் டெஸ்ட்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். மாணவர் மையக் கற்பித்தல் எல்லாம் தேர்வு நெருங்கும் வரைதானா?
(பட்டதாரி ஆசிரியை, சாத்தூர்)

உங்கள் தலைமையாசிரியர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். தேர்ச்சி சதவீதம் குறைந்தால், மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆனால் அவர் எதை விளையாட்டு என்கிறாரோ, அதுதான் திருப்புதலுக்கு மிகவும் வேண்டியது என்பது என் கட்சி.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நம் பள்ளிகளில் நடப்பதைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஆசிரியர் முழுப் பாடத்தையும் மறுபடி சொல்கிறார். பிள்ளைகள் மறுபடி கேட்கிறார்கள். டெஸ்ட் வைக்கிறார். வீட்டில் சமையலை முடித்துவிட்டு, ராத்திரி கண் எரிய எரியத் தாள் திருத்துகிறார். மறுநாள் பையன் தாளை வாங்குகிறான், மார்க்கை மட்டும் பார்க்கிறான், நான்காக மடித்துப் பைக்குள் போட்டுவிடுகிறான். இதில் அதிகம் உழைத்தது யார்? தேர்வு எழுதப்போவது யார்? 

எனவே வேலையைக் கைமாற்றுங்கள். நம் அறிவியல் வினாத்தாள் 75 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 12, இரண்டு மதிப்பெண் வினாவில் 7, நான்கு மதிப்பெண் வினாவில் 7, ஏழு மதிப்பெண் வினா 3. இதை நீங்கள் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளையைக் கரும்பலகையில் எழுதிக் கூட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆண்டு முழுவதும் டெஸ்ட் எழுதிய பிள்ளைகளுக்கே வினாத்தாளின் அமைப்பு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் புலப்படும். பிறகு குழுவுக்கு ஒரு பாடம் கொடுத்து, அதில் எது இரண்டு மதிப்பெண்ணுக்கு ஆகும், எது ஏழுக்கு ஆகும் என்று அவர்களையே வினாத்தாள் எடுக்க வையுங்கள். விடைக்குறிப்பும் அவர்களே எழுத வேண்டும். எந்த வரிக்கு எத்தனை மார்க், படத்துக்கு எத்தனை, பாகம் குறித்தால் எத்தனை என்று எல்லாம் இருக்க வேண்டும். கேள்வி எடுக்க வேண்டுமென்றால் பாடத்தைப் படித்தே ஆக வேண்டும், வேறு வழி கிடையாது.

அடுத்து, குழுக்கள் தாளை மாற்றிக்கொண்டு எழுதட்டும். எழுதிய தாளை, கேள்வி எடுத்த குழுவே திருத்தட்டும். சண்டை வரும். "இதயத்தின் படத்தில் மகாதமனியைக் குறிக்கவில்லை, ஒரு மார்க் குறை" என்பாள் ஒருத்தி. "கீழே விளக்கத்தில் எழுதியிருக்கிறேனே, கண் தெரியவில்லையா?" என்பான் இன்னொருவன். தீர்ப்புக்கு உங்களிடம் வருவார்கள். உடனே சொல்லிவிடாதீர்கள். புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் தலைமையாசிரியர் கேட்ட திருப்புதல் அங்கேதான் நடக்கிறது, கொஞ்சம் சத்தமாக.

ஒளியியல் பாடத்தில் எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அதுவும் பிப்ரவரி மாதம்தான். லென்சின் திறன் பற்றிய கணக்கை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்த ஒரு பையன், மறுநாள் பாட்டியின் படிக்கும் கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் கண்ணாடியை ஒட்டிப் பிடித்து, மெல்ல மெல்லப் பின்னால் இழுத்தான். அரை மீட்டர் தூரம் வந்ததும் ஜன்னல் கம்பியும் வெளியே நின்ற வேப்பமரமும் தலைகீழாகச் சுவரில் விழுந்தன. வகுப்பே எழுந்து வந்துவிட்டது. உடனே பின்பெஞ்சுப் பெண்ணொருத்தியின் கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றி வாங்கி அதே போலப் பிடித்தார்கள். எவ்வளவு இழுத்தும் நடுவில் மங்கலான நிழலும் ஓரத்தில் ஒரு வெளிச்ச வளையமும்தான் தெரிந்தன. மரத்தைக் காணோம். "இதில் ஏன் விழவில்லை?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே கிளம்பியது. குழிலென்சு ஒளியை விரிக்கும், அதனால் மெய்பிம்பம் கிடைக்காது என்று புத்தகத்தில் இருந்த வரியை அவர்களே தேடி எடுத்தார்கள். ஸ்கேலால் தூரத்தை அளந்த ஒரு பெண், ஒன்றை மீட்டர் கணக்கில் அந்தத் தூரத்தால் வகுத்து, அரை மீட்டர் என்றால் திறன் 2 டயாப்டர் என்று போட்டுக் காட்டினாள். பாட்டியின் கண்ணாடிச் சீட்டில் +2 என்றே எழுதியிருந்ததாக அந்தப் பையன் அடுத்த நாள் வந்து சொன்னான். எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதே பாடத்துக்கு நான் போர்டில் எழுதிப்போடும் குறிப்பை அவர்கள் நோட்டில் இறக்கவே அதைவிட நேரமாகும்.

தேர்ச்சி எல்லையில் தள்ளாடும் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அறிவியலில் எழுத்துத் தேர்வில் 75க்கு 20, செய்முறையில் 25க்கு 15 வேண்டும். இதற்காக அவர்களைத் தனியே வராந்தாவில் உட்கார வைத்து, மெலிந்த கையேட்டிலிருந்து அதே ஐந்து விடையைத் திரும்பத் திரும்ப எழுத வைக்கிறோம். பையனுக்குக் கை வலிப்பதுதான் மிச்சம். ஒன்று செய்யுங்கள். கேள்வி கேட்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நன்றாகப் படிக்கும் பிள்ளையிடம் அவன் கேட்கட்டும், விடை சரியா என்று வரி வரியாகச் சரிபார்க்கட்டும். பரீட்சையில் தோற்பவன் என்று பெயர் வாங்கியவன் பரீட்சை நடத்துபவனாக உட்காரும்போது முதுகு நிமிர்வதை நானே பார்த்திருக்கிறேன். வாசிப்பும் தானாக நடந்துவிடும்.

பாடக்குறிப்பேட்டில் "திருப்புதல்" என்றே எழுதிக்கொள்ளுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மகள் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வாரத்தில் இரண்டு நாளாவது "இன்று நான்தான் பாடம் நடத்தினேன்" என்று பெருமையாகச் சொல்கிறாள். மகளே நடத்துவதற்கு நான் எதற்குக் கட்டணம் கட்டுகிறேன்?
(ஒரு தந்தை, ஓசூர்)

நியாயமான கேள்வி. கட்டணத்தில் ஒரு பங்கை மகளிடம் கொடுத்துவிடச் சொல்லிப் பள்ளியைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. பிள்ளைகளை எழுப்பி நிறுத்திவிட்டு மேசையில் சாய்ந்துகொண்டு வேறு வேலை பார்ப்பது ஒரு வகை. எந்தப் பிள்ளை எந்தப் பகுதியைச் சொன்னால் எங்கே தடுக்கும் என்று முன்கூட்டியே கணித்து, அங்கே கேட்பதற்கு ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது இன்னொரு வகை. இரண்டாவது வகைக்கு நேராகப் பாடம் எடுப்பதைவிட அதிகத் தயாரிப்பு வேண்டும். உங்கள் மகளின் வகுப்பு எந்த வகை என்று கண்டுபிடிப்பது சுலபம். நீ பாடம் நடத்தியபோது டீச்சர் எங்கே நின்றார், நீ தப்பாகச் சொன்னபோது என்ன செய்தார் என்று மகளிடமே கேளுங்கள். "தப்பா? டீச்சர் ஒன்றும் சொல்லவில்லையே" என்று பதில் வந்தால் பள்ளிக்கு ஒரு நடை போய்வாருங்கள். "யாருக்காவது வேறு மாதிரி தோன்றுகிறதா என்று வகுப்பைக் கேட்டார்" என்று வந்தால் நிம்மதியாகக் கட்டணம் கட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில், இது ஏதோ வெளிநாட்டிலிருந்து காசு உள்ள பள்ளிகள் இறக்குமதி செய்த புதுப் பழக்கம் என்ற தொனி இருக்கிறது. அப்படி இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆணையராக இருந்தபோது, செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷிவேலி கல்வி மையம் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கியிருந்த அட்டை முறையைப் பார்த்துப் பிறந்தது அது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படி ஏறும். சுவரின் கீழ்ப்பகுதியில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கரும்பலகை. ஆசிரியருக்குப் பாயில் இடம். 2007-08இல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது வந்தது. ஆறு முதல் எட்டு வரை படைப்பாற்றல் கல்வி என்று, பிள்ளைகளே பாடத்தை வாசித்து, மனவரைபடம் போட்டு, தொகுத்துச் சொல்லும் முறையும் கூடவே வந்தது. கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள், மாநகராட்சிப் பள்ளித் தரையில் உட்கார்ந்து செய்ததைத்தான் உங்கள் மகள் இப்போது செய்கிறாள்.

அந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. தரையில் உட்காருவதைக் கௌரவக் குறைவாக நினைத்தவர்களைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. ஆனால் ஓராசிரியரோ ஈராசிரியரோ உள்ள பள்ளியில் நாலு வகுப்புப் பிள்ளைகளும் நாற்பது வெவ்வேறு அட்டையில் இருந்தால், யார் எங்கே திணறுகிறார்கள் என்று பார்க்க எத்தனை கண் வேண்டும்? அட்டை கிழிந்தால் மறு அட்டை வருவதற்குள் பிள்ளை அந்தப் படியைத் தாண்டியிருக்கும், அல்லது தாண்டாமலே விட்டிருக்கும். பிறகு முப்பருவ முறை வந்தது, "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்தது. பெயர் மாறும் ஒவ்வொரு முறையும் பழைய அட்டைப் பெட்டிகள் பரணுக்குப் போயின. நல்ல முறை ஒன்று வேரூன்ற நாம் பத்து வருடம் பொறுப்பதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கடைசி பெஞ்சே இல்லாத "ப" வடிவ வகுப்பறை பற்றி 2025இல் பரபரப்பாகப் பேசினார்களே, உங்கள் கருத்து என்ன?
(ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், கும்பகோணம்)

இருபத்தைந்து பிள்ளைகள் இருந்தால் அழகான ஏற்பாடு. ஐம்பத்தைந்து பேரை இருபதுக்கு இருபது அடி அறையில் "ப"வாக உட்கார வைத்தால் "ப"வுக்குள் இன்னொரு "ப" போட வேண்டி வரும். இரண்டு பக்கமும் உட்காரும் பிள்ளைகள் நாள் முழுவதும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே கரும்பலகையைப் பார்க்க வேண்டும். பெஞ்சு கிடக்கும் இடத்தில் கிடக்கட்டும். ஆசிரியர் பின்சுவரில் சாய்ந்து நின்று பாதிப் பாடத்தை நடத்திப் பார்க்கலாம். முன் வரிசைக்காரர்களுக்கு அன்று திடீரென்று காது கேட்காமல் போகும், வேடிக்கையாக இருக்கும்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. தேர்வு முடியும் முன்பே பள்ளிக்குக் கூப்பிட்டு, "இவன் பத்தாவதில் பாஸ் ஆக மாட்டான். டி.சி. வாங்கிக்கொள்கிறீர்கள் என்றால் பாஸ் போட்டுத் தருகிறோம், இல்லையென்றால் மறுபடி ஒன்பதுதான்" என்கிறார்கள். நான் படிக்காதவள். என்ன செய்வது டீச்சர்?
(ஒரு தாய், உசிலம்பட்டி அருகில் ஒரு கிராமம். கடிதத்தை மகளிடம் சொல்லி எழுதியிருக்கிறார்)

முதலில் ஒன்று, எந்தக் காகிதத்திலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. கைநாட்டும் வேண்டாம். டி.சி. என்பது நீங்கள் கேட்டால் கொடுக்க வேண்டியது. அவர்கள் உங்களைக் கேட்க வைப்பது முறை இல்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதுவரை பிள்ளையை நிறுத்தி வைக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் இல்லை. ஐந்து, எட்டு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்ததைக்கூட 2020 பிப்ரவரியில் அரசு கைவிட்டது. ஆனால் ஒன்பதில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்ட நினைக்கும் பள்ளிகள் கத்தரிக்கோலை எடுப்பது இந்த இடத்தில்தான். மாநில அளவில் முதல் மூன்று இடம் அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. பள்ளி வாசலில் தொங்கும் பிளக்ஸ் பேனருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

தலைமையாசிரியரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான். "பத்தாவதில் ஒரு பாடம் போனால், ஓரிரு மாதத்தில் துணைத் தேர்வு எழுதி அதே வருடம் பதினொன்றில் சேரலாம். ஒன்பதில் நிறுத்தினால் முழு வருடமும் போய்விடும். என் பிள்ளைக்கு எது நஷ்டம் குறைவு?" இதற்கு அவரிடம் பதில் இருக்காது. தோற்கக் கூடாது என்ற அவசரம் பள்ளிக்குத்தான், பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. எந்தப் பாடத்தில் குறைவோ அதற்கு மட்டும் மறுதேர்வு வையுங்கள் என்றும் கேளுங்கள். பேச்சு எடுபடவில்லை என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கும் பேசலாம். மகளையே பேசச் சொல்லுங்கள், நன்றாக எழுதியிருக்கிறாள்.

பையனுக்கு வாசிக்க வருகிறதா என்று கடிதத்தில் இல்லை. இன்று ராத்திரி தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான் என்றால் மற்றப் பாடம் எல்லாம் அப்புறம். கோடை விடுமுறை முழுவதும் தினமும் ஒரு பக்கம், அக்காவிடம் சத்தமாக வாசிக்கட்டும். ஒன்பது வருடம் பள்ளியில் உட்கார்ந்தும் அது வரவில்லை என்றால், அதற்கான கணக்கை நிறுத்தி வைக்க நினைப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். இனி பிளஸ் ஒன் பாடத்தை யார் மதிப்பார்கள்?
(முதுகலை ஆசிரியர், நாமக்கல்)

உங்கள் கவலைக்கு வரலாறு இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருட்டிய பள்ளிகள் உங்கள் பக்கத்திலும் இருந்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பொதுத்தேர்வு வந்தது. பிளஸ் டூவின் மொத்த மதிப்பெண் 1200இலிருந்து 600 ஆனதும் அதன் தொடர்ச்சிதான். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வு போயிற்று. பழைய வியாதி திரும்பும் வாய்ப்பு இருக்கிறது, மறுக்கவில்லை.

ஆனால் உங்கள் கைக்கு ஒரு வருடம் கிடைத்திருக்கிறது சார். மூன்று பொதுத்தேர்வுக்கு நடுவில் மூச்சுவிடாமல் ஓடிய பிள்ளைகள் அவர்கள். தாவரவியல் என்றால் பள்ளிக்குப் பின்னால் உள்ள ஓடைக்கரைக்குக் கூட்டிப் போங்கள். பொருளியல் என்றால் வாரச் சந்தைக்கு அனுப்பி விலை கேட்டு வரச் சொல்லுங்கள். அகமதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண் இருக்கிறது. அதை எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு முழுதாகப் போடும் வழக்கத்தை மட்டும் நிறுத்தினால் பிள்ளைகள் மதிப்பார்கள்.

கடைசித் தேர்வு அன்று மை தெளிக்கக் கூடாது என்று எச்சரிக்கை விட்டிருக்கிறார்கள். பள்ளி வாசலில் போலீஸ் வேறு நிற்குமாம். ஏழு வருடம் ஒன்றாகப் படித்தோம். கொஞ்சம் மை தெளித்தால் என்ன குற்றம்?
(பிளஸ் டூ மாணவன், கோவில்பட்டி)

குற்றம் ஒன்றும் இல்லை தம்பி. ஆனால் அந்தச் சட்டையை வீட்டில் அடுத்து யார் போடப்போகிறார்கள் என்று பார்த்துக்கொள். எங்கள் பள்ளியில் மை தெளித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போன ஒருவன், மறுநாள் காலை அலுவலக வாசலில் வந்து நின்றான். ஒன்பதாம் வகுப்பில் படித்த அவன் தம்பிக்கு அந்தச் சட்டையைத்தான் ஒதுக்கி வைத்திருந்தார் அம்மா. எலுமிச்சம்பழம், வெயில், சலவைத்தூள் எல்லாம் பார்த்தாகிவிட்டது, நீலம் போகவில்லை. இன்னொரு விஷயம், கண்ணில் விழுந்தால் மை வேடிக்கை இல்லை. தெளிக்கிற வேகத்தில் யார் கண் என்று தெரியாது. சம்மதம் கேட்காமல் பெண் பிள்ளைகள் மேல் தெளிப்பதை நான் வேடிக்கைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

போலீஸ் நிறுத்துவதும் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே ஒரு மணி நேரம் கொடுத்தால் வெளியே இந்தக் கூத்து நடக்காது. பிரிவு உபசார விழா என்று பிப்ரவரியில் நாம் நடத்துவது யாருக்கு? மேடையில் பெரியவர்கள் வரிசையாகப் பேசுகிறார்கள், பிரியப்போகிற பிள்ளைகள் கீழே வெயிலில் கைதட்டுகிறார்கள், சமோசா வருகிறது, முடிந்தது. எங்கள் பள்ளியில் மேடையைப் பிள்ளைகளிடம் விட்டோம். ஆசிரியர்கள் கீழே உட்கார்ந்தோம். வேதியியல் ஆசிரியர் நடக்கும் விதத்தை ஒருவன் நடித்துக் காட்டியபோது அதிகம் சிரித்தவர் அவர்தான்.

கடைசித் தேர்வு முடிந்ததும் அறைக்குள் இன்னொரு வேலை வைத்திருந்தோம். அடுத்த வருடம் அதே பெஞ்சில் உட்காரப் போகிறவர்களுக்கு ஆளுக்கொரு கடிதம். அறிவுரை எழுதக் கூடாது, உதவும் விஷயம் மட்டும் என்பது நிபந்தனை. "கரிம வேதியியலை ஜூலையிலேயே தொடங்கு, டிசம்பருக்குத் தள்ளினால் அழுவாய்." "மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் பக்கம் உட்காராதே, மழை அடிக்கும்." "கணக்கு சாருக்குக் கோபம் வந்தால் மூக்கைச் சொறிவார், அப்போது சந்தேகம் கேட்காதே." ஜூன் மாதம் புது வகுப்பு அதைப் படித்த மாதிரி எங்கள் சுற்றறிக்கை எதையும் யாரும் படித்ததில்லை. உன் பள்ளியில் சொல்லிப் பார். ஆட்டோகிராப் நோட்டையும் கொண்டு போ. அதை யாரும் தடுக்க முடியாது.

குழுச் செயல்பாடு, கலந்துரையாடல் எல்லாம் சரி. எமிஸ் என்ற கல்வித் துறையின் இணையத் தகவல் தளத்தில் பதிவேற்றம் முடிக்கவே எங்களுக்கு நேரம் போதவில்லையே?
(இடைநிலை ஆசிரியர், திருவண்ணாமலை)

உண்மை. கைப்பேசியில் சிக்னல் தேடி மாடிப்படி ஏறிய பிறகுதான் மாணவர் வருகை பதிவாகும் பள்ளிகள் எனக்கும் தெரியும். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. பதிவேற்றத்துக்குத் தனி ஆள் வேண்டும் என்று சங்கங்கள் கேட்பதை நானும் ஆதரிக்கிறேன். ஒன்று மட்டும் சொல்வேன். எந்த வேலையைப் பிள்ளைகளே செய்ய முடியுமோ, அதை நீங்கள் செய்யாதீர்கள். நூலகப் பதிவேடு, உபகரண இருப்பு, வாசிப்பு அட்டவணை, இவற்றை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நம்மைவிட ஒழுங்காக எழுதுகிறார்கள்.

ஆறு முதல் ஒன்பது வரை ஆண்டுத் தேர்வு முடிந்தும் சில நாள் பள்ளி நடக்கிறது. பிள்ளைகள் வர மறுக்கிறார்கள், வந்தால் கத்துகிறார்கள். விடைத்தாள் திருத்துவதா, இவர்களை அடக்குவதா?
(பட்டதாரி ஆசிரியர், மணப்பாறை)

மதிப்பெண் பயம் இல்லாமல் பிள்ளைகள் கிடைக்கும் ஒரே வாரம் அது. அடக்கி வீணடிக்காதீர்கள்.

ஒரு ஏப்ரலில் ஏழாம் வகுப்பிடம், பள்ளியில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைத் துண்டுச்சீட்டில் எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்றோம். பரீட்சை என்றும் பிரம்பு என்றும் வரும் என்று எதிர்பார்த்தோம். பெரும்பாலும் வந்தது குடிநீர்க் குழாய். மதிய உணவு இடைவேளையில் வரிசையில் நின்று குடிக்கும் முன் மணி அடித்துவிடுகிறது என்பது புகார். சரி, அளந்து பார்ப்போம் என்று கணித ஆசிரியர் கிளம்பினார். பிள்ளைகள் ஒரு லிட்டர் பாட்டிலையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு குழாயிலும் பாட்டில் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தார்கள். ஓரத்துக் குழாய் மட்டும் மற்றவற்றைவிட மிக மெதுவாக ஓடியது. திருகிக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சல்லடை உப்புப் படிந்து கல்லாக இருந்தது. ஒரு குழாயில் ஒரு பிள்ளை குடிக்கச் சராசரியாக எத்தனை விநாடி, மொத்தம் எத்தனை பிள்ளைகள், இடைவேளை எத்தனை நிமிடம் என்று நேர்விகிதம், எதிர்விகிதம், சராசரி எல்லாம் போட்டுப் பார்த்தார்கள். வருடம் முழுவதும் அந்தக் கணக்குகளில் தடுமாறியவர்களும் அன்று தடுமாறவில்லை. இன்னும் இத்தனை குழாய் வேண்டும் என்று படம் வரைந்து மனு எழுதி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இரண்டு பெண் பிள்ளைகள் நேராக வந்து வாசித்தார்கள். கூட்டத்தில் இருந்த ஊராட்சி உறுப்பினர் ஒருவர் குழாய் போட்டுக்கொடுத்தார். கேட்டதில் பாதிதான் போட்டார் என்று அந்தப் பிள்ளைகளுக்கு இன்னும் குறை.

துண்டுச்சீட்டில் பெண் பிள்ளைகள் கழிப்பறைத் தாழ்ப்பாள் பற்றியும் எழுதியிருந்தார்கள். அதற்கு அளவும் கணக்கும் தேவைப்படவில்லை. அன்றைக்கே மாற்றினோம்.

விடைத்தாளைப் பொறுத்தவரை, திருத்திய தாளை அந்த வாரத்திலேயே பிள்ளைகளிடம் காட்டிவிடுங்கள். ஜூனில் காட்டினால் அது யாருடைய தாளோ என்பது போலப் பார்ப்பார்கள்.

என் மகன் பத்தாம் வகுப்பு. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது, அறிவியல் ரெக்கார்டு நோட்டில் படங்கள் பாக்கி. எனக்கு நன்றாக வரைய வரும். அவன் படிக்கிற நேரத்தில் நான் வரைந்து கொடுக்கலாமா?
(ஒரு தாய், திருநெல்வேலி)

கூடாது. திருத்துகிற எங்களுக்கு அம்மா வரைந்த இருவித்திலைத் தண்டு எது, பிள்ளை வரைந்தது எது என்று அட்டையைத் திறக்கும்போதே தெரிந்துவிடும். அம்மாக்களின் தண்டு வட்டமாக இருக்கும், வாஸ்குலார் கற்றைகள் எல்லாம் ஒரே அளவில் கோலம் மாதிரி வந்திருக்கும். பிள்ளையின் தண்டு உருளைக்கிழங்கு போல இருக்கும், ஆனால் நுண்ணோக்கியில் தெரிவதும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவனே வரையட்டும். படிக்கிற நேரம் என்கிறீர்களே, வரைவதும் படிப்பதுதான்.

உங்களுக்கு இவ்வளவு ஆசை இருந்தால் தனித்தேர்வராக விண்ணப்பித்துவிடுங்கள். அவர்களுக்கும் அறிவியல் செய்முறைப் பயிற்சி உண்டு, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்கு ரெக்கார்டு நோட்டை உங்கள் மகனிடம் கொடுத்து வரையச் சொல்லக் கூடாது.